ஓய்வைப் பற்றிப் படிக்க ஒரு டிகிரியா?

ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: "ப்ளஸ் டூ முடித்த என் மகள், கனடாவில் 'ரெக்ரியேஷன் அண்ட் லெஷர் ஸ்டடீஸ்' என்ற பட்டப்படிப்பில் சேர வேண்டும் என்கிறாள். பொழுதுபோக்கைப் பற்றி நான்கு வருடம் படிக்க என்ன இருக்கிறது? வங்கியில் கடன் வாங்கி அனுப்பலாமா?"

நான் அந்த நாட்டில் இதே துறையில் முதுகலை படித்தவன். இப்போது அங்கே ஒரு நகராட்சியின் ரெக்ரியேஷன் பிரிவில் வேலை பார்க்கிறேன். சேரும்போது என் அப்பாவும் ஏறக்குறைய இதே வார்த்தைகளில்தான் கேட்டார். அன்றைக்கு எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. இன்றைக்குச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆஸ்திரியாவில் உள்ள ஒரு சிற்றூரைப் பற்றிச் சொல்கிறேன். வியன்னாவுக்குத் தென்கிழக்கே மரியந்தால் என்று ஒரு ஆலை ஊர். ஊரே அந்தத் துணி ஆலையை நம்பித்தான் இருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது ஆலையை மூடிவிட்டார்கள். முக்கால்வாசிக் குடும்பங்களில் ஒருவருக்கும் வேலை இல்லை. அப்போது வியன்னாவில் பால் லாசர்ஸ்ஃபெல்ட் என்ற இளம் ஆய்வாளர், தொழிலாளர்களின் ஓய்வு நேரத்தைப் பற்றி ஆராயலாம் என்று ஒரு யோசனை வைத்திருந்தார். சோஷலிஸ்ட் தலைவர் ஓட்டோ பாவரிடம் சொன்னபோது, நாடு முழுக்க வேலையில்லாமல் கிடக்கும்போது ஓய்வை ஆராய்வதா என்று அவர் கடிந்துகொண்டாராம். சரி, வேலையின்மையையே ஆராய்வோம் என்று லாசர்ஸ்ஃபெல்ட், மரீ யகோடா, ஹான்ஸ் ட்சைசல் மூவரும் ஒரு குழுவோடு மரியந்தாலுக்குப் போனார்கள். 1933-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அங்கே அவர்கள் கண்டதைக் கேளுங்கள். ஊர் நூலகத்தில் முன்பு புத்தகம் எடுக்கக் கட்டணம் உண்டு. ஆலை மூடியபின் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். நேரமோ நாள் முழுக்க இருக்கிறது. ஆனால் 1929-க்கும் 1931-க்கும் இடையில் எடுக்கப்பட்ட புத்தகங்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிட்டது. ஆய்வாளர்கள் ஜன்னல் ஓரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து, தெருவில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் நின்று நின்று போனார்கள். நூறு ஆண்களில் 88 பேர் கையில் கடிகாரமே இல்லை. ஒரு நாளில் என்னென்ன செய்தீர்கள் என்று மணிக்கணக்குத் தாளில் எழுதச் சொன்னபோது, ஒருவர் காலை நேரத்துக்கு எதிரே, 'அதற்குள் மதியமாகிவிடுகிறது' என்கிற மாதிரி எழுதிக் கொடுத்தார். பெண்களோ அப்படி இல்லை. சம்பள வேலை போனாலும் அடுப்பும் துணியும் குழந்தையும் அப்படியே இருந்தன. அவர்கள் முன்புபோலவே விறுவிறுவென்று நடந்தார்கள்.

என் பார்வையில் இந்தத் துறையின் முழு விஷயமும் அந்த ஒரு தெருவில் இருக்கிறது. காலி நேரம் வேறு, ஓய்வு வேறு. நேரத்தை மட்டும் கையில் கொடுத்தால் ஓய்வு வந்துவிடாது. அதற்கு இன்னும் சில விஷயங்கள் வேண்டும்: கொஞ்சம் காசு, கூட ஆள், போக ஒரு இடம், நானாக விரும்பிச் செய்கிறேன் என்ற உணர்வு, மறுநாள் எழுந்திருக்க ஒரு காரணம். இவற்றில் எது குறைந்தால் என்ன ஆகிறது, யாருக்குக் குறைகிறது, அதை யார் சரிசெய்ய முடியும் என்பதைத்தான் நான்கு வருடம் படிக்கிறார்கள்.

நம் மொழியில் இதற்கு நேரான சொல் இல்லாததும் குழப்பத்துக்கு ஒரு காரணம். 'ஓய்வு' என்றால் ஓய்தல்: மழை ஓய்ந்தது, கால் ஓய்ந்தது, அப்பா ஓய்வு பெற்றார். 'பொழுதுபோக்கு' என்றால் பொழுதை எப்படியாவது கழிப்பது. லெஷர் என்று இவர்கள் சொல்வது இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. பழைய கிரேக்கர்கள் இதை 'ஸ்கோலே' என்றார்கள். பிழைப்புக்காக இல்லாமல் தனக்காகவே செய்கிற காரியங்களுக்கான நேரம் அது. 'ஸ்கூல்' என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது. உங்கள் மகள் ஓய்வைப் படிக்கப் பள்ளிக்கூடம் போவதில் அந்த வகையில் ஒரு பொருத்தமும் இருக்கிறது.

வகுப்பில் என்ன நடக்கும் என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தந்த முதல் அசைன்மென்ட், வீட்டில் இரண்டு பேரிடம் நேரக் குறிப்பு எழுதி வாங்குவது. ஒரு தாளில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் நான்கு கட்டங்கள்: என்ன செய்தீர்கள், கூடவே வேறென்ன செய்தீர்கள், யாருடன், எங்கே. நான் கும்பகோணத்தில் இருந்த அம்மாவிடமும் அப்பாவிடமும் போனில் கேட்டு எழுதினேன்.

அப்பாவின் தாள் சுத்தமாக இருந்தது. காலை ஆறரைக்குத் திண்ணையில் பேப்பர். இரண்டாவது கட்டம் காலி. மாலை கோயில் வரை நடை. இரண்டாவது கட்டம் காலி. அம்மாவின் தாளில் இரண்டாவது கட்டம் காலியாக இருந்த வரியைத் தேட வேண்டியிருந்தது. சீரியல் பார்த்தேன், கூடவே முருங்கைக்கீரை ஆய்ந்தேன். பக்கத்து வீட்டு அக்காவோடு பேசினேன், கூடவே துணி மடித்தேன். "சீரியல் பார்க்கிறது ஓய்வுதானேம்மா?" என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா உட்கார்ந்து பார்க்க மனசு வராதுப்பா" என்றார். மொத்த நிமிடங்களைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆனால் அப்பாவின் ஓய்வு முழுத் துணி, அம்மாவினுடையது ஒட்டுத்துணி. மைக்கேல் பிட்மன், ஜூடி வாஜ்மன் இருவரும் பல நாடுகளின் நேரக் கணக்குகளை வைத்து 2000-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் காட்டியிருந்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் மொத்த ஓய்வு நேரம் நெருக்கமாக இருந்தாலும், இடையூறில்லாத ஓய்வு ஆண்களுக்குத்தான் அதிகம் என்று. அதைப் படித்தபோது எனக்கு அம்மாவின் கீரைக் கட்டு கண்ணில் வந்து நின்றது. இருபது வருடம் அதே வீட்டில் இருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

இந்த நேரக் கணக்கு விளையாட்டு வேலையும் இல்லை. 1960-களில் அலெக்சாண்டர் சலாய் என்ற ஹங்கேரியர் தலைமையில் 12 நாடுகளில் ஒரே முறையில் நேரக் கணக்கு எடுத்தார்கள். இந்தியாவில் 1998-99-இல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் சோதனையாக எடுத்தார்கள். நாடு முழுவதற்குமான முதல் கணக்கெடுப்பு 2019-இல் நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம் என்று அதில் தெரிந்தது. குழாய் நீர், குழந்தைக் காப்பகம், பேருந்து வசதி என்று எதைப் பேசினாலும் இந்த எண்கள் உதவும். இப்படிப்பட்ட எண்களை எடுக்கவும் படிக்கவும் சந்தேகப்படவும் பழக்குவது இந்தப் படிப்பின் ஒரு பெரிய பகுதி. புள்ளியியல் பாடம் உண்டு, நேர்காணல் முறை உண்டு. மகளுக்குக் கணக்கு பிடிக்காது என்பதால் இதைத் தேர்ந்தெடுத்திருந்தால், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இன்னொரு பெரிய பகுதி, மனிதர்கள் ஏன் காசு வராத ஒன்றுக்காக இவ்வளவு உழைக்கிறார்கள் என்பது. கால்கரி பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஸ்டெபின்ஸ், தொழிலாக இல்லாமல் வானியல், தொல்லியல், நாடகம், பேஸ்பால் என்று இறங்கியவர்களோடு வருடக்கணக்கில் பழகி ஆராய்ந்தார். 1982-இல் 'தீவிர ஓய்வு' என்ற கருத்தை முன்வைத்தார். டிவி முன் சாய்ந்திருப்பதும் ஓய்வுதான். ஆனால் பனிக் குளிரில் விடிய விடியத் தொலைநோக்கியோடு நிற்பவரின் ஓய்வு வேறு மாதிரி. அதில் பயிற்சி இருக்கிறது, சலிப்பு இருக்கிறது, படிப்படியான வளர்ச்சி இருக்கிறது, நான் இன்னார் என்ற அடையாளம் இருக்கிறது. ஓய்வு பெற்ற பிறகு சிலர் மலர்வதும் சிலர் வாடுவதும் ஏன் என்று யோசிக்க இந்தக் கருத்து எனக்கு உதவிய அளவு வேறெதுவும் உதவவில்லை.

என் தினசரி வேலையில் அதிகம் பயன்படுவது தடைகளைப் பற்றிய பாடம். கிராஃபோர்ட், காட்பி என்ற இருவர் 1987-இல் அதை மூன்றாகப் பிரித்தார்கள்: மனசுக்குள் இருக்கும் தடை, கூட ஆள் இல்லாத தடை, நேரம், காசு, தூரம் போன்ற வெளித் தடை. கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், புதிதாகக் குடிவந்த பெண்களுக்காக நீச்சல் குளத்தில் வெள்ளிக்கிழமை மாலை இலவச நேரம் ஒதுக்கினோம். ஆறு வாரம் ஒருவரும் வரவில்லை. கட்டணம்தான் தடை என்று நினைத்திருந்தோம். போய்க் கேட்டபோது, குளத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, நடைபாதையிலிருந்து உள்ளே தெரிகிறது என்றார்கள். பணியில் இருந்த உயிர்காப்பாளர் ஆண். கண்ணாடிக்குத் திரை போட்டோம், பெண் உயிர்காப்பாளரை அமர்த்தினோம், முதல் இரண்டு வாரம் தோழியோடு வரச் சொன்னோம். அப்புறம் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. திரைக்கு ஆன செலவு மிகக் குறைவு. ஆனால் எங்கே திரை போடுவது என்று தெரிய, கேட்கத் தெரிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

துறையின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஓய்வு என்பது தொழிலாளர்கள் போராடி வாங்கியது. மெல்பர்னின் கல் தச்சர்கள் 1856-இல் எட்டு மணி நேர வேலைக்காகக் கருவிகளைக் கீழே வைத்தார்கள். புதுச்சேரியில் 1936 ஜூலை 30 அன்று ஆலைத் தொழிலாளர்கள் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையும் இருந்தது. 1948-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனம் 24-ஆவது பிரிவில் ஓய்வை உரிமையாகவே எழுதிவைத்தது. கல்வித் துறையாக இது வளர்ந்தது முக்கியமாக வட அமெரிக்காவில்தான். நெரிசலான நகரங்களில் குழந்தைகளுக்கு விளையாட இடம் வேண்டும் என்று 1906-இல் அங்கே விளையாட்டுத்திடல் சங்கம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கார் வாங்கிய குடும்பங்கள் தேசியப் பூங்காக்களில் குவிந்தன. அவற்றை நடத்த ஆட்கள் தேவைப்பட்டார்கள், பல்கலைக்கழகங்கள் படிப்பைத் தொடங்கின. பிரிட்டனில் 1975-இல் ஓய்வு ஆய்வுச் சங்கம் உருவானது. அங்கே சமூகவியலாளர்கள், குறிப்பாகப் பெண்ணிய ஆய்வாளர்கள், யாருடைய ஓய்வை யார் உழைத்துத் தருகிறார்கள் என்று கேட்டுத் துறையையே உலுக்கினார்கள்.

எங்கள் சென்னைக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. அமெரிக்க ஒய்எம்சிஏ இயக்கத்திலிருந்து வந்த ஹாரி க்ரோ பக் 1920-இல் தொடங்கிய உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே விளையாட்டு தனியாக, சுற்றுலா தனியாக வளர்ந்துவிட்டது. இரண்டையும் சேர்த்து ஓய்வு என்று பார்க்கும் வழக்கம் வரவில்லை. ஓய்வின் சமூகவியலை இந்தியாவில் முன்னெடுத்தவர்களில் முக்கியமானவர் ஜெய்ப்பூரில் பணியாற்றிய பேராசிரியர் ஈஸ்வர் மோதி.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். கடந்த முப்பது ஆண்டுகளில் பல பல்கலைக்கழகங்கள் 'லெஷர்' என்ற பெயரையே கழற்றிவிட்டன. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஓய்வு ஆய்வுத் துறை இன்று 'ரெக்ரியேஷன், ஸ்போர்ட், டூரிசம்' துறை. ஸ்போர்ட் மேனேஜ்மென்ட், ஈவென்ட் மேனேஜ்மென்ட் என்றால் பெற்றோருக்கும் புரிகிறது, கம்பெனிக்கும் புரிகிறது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. திருவிழாவை எப்படி நடத்துவது என்று கற்றுத் தருவது நல்லதுதான். அந்தத் திருவிழாவுக்கு யாரால் வர முடியவில்லை என்று கேட்கும் பாடம் பெயரோடு சேர்ந்து போய்விடக் கூடாது. அதனால் பெயரைப் பார்க்காமல் பாடப் பட்டியலைப் பாருங்கள். கனடாவில் வாட்டர்லூ, ப்ரோக் போன்ற இடங்களில் பழைய பெயரோடு துறை நீடித்து வந்திருக்கிறது.

இந்தத் துறையில் வேலைக்கு மிகத் தெளிவான வழி உள்ள கிளை, தெரப்யூட்டிக் ரெக்ரியேஷன். மருத்துவமனை, முதியோர் இல்லம், மனநல மையம் ஆகிய இடங்களில், நோயாளிக்குப் பிடித்த செயலையே கருவியாக வைத்து அவரை மீட்கப் பார்க்கும் தொழில். ஆளை மதிப்பிடுவது, திட்டம் போடுவது, நடத்துவது, பலன் என்ன என்று எழுதுவது என்று எல்லாம் முறைப்படி நடக்கும்.

நான் இன்டர்ன்ஷிப் செய்த முதியோர் இல்லத்தில் யாழ்ப்பாணத்து முதியவர் ஒருவர் இருந்தார். மறதி நோய். சக்கர நாற்காலியில் தலை கவிழ்ந்தபடி இருப்பார். அவருடைய கோப்பில் 'செயல்களில் ஆர்வமில்லை' என்று எழுதியிருந்தது. அங்கே நடத்திய செயல்கள் பிங்கோவும் பழைய ஆங்கிலப் பாட்டும். மகளிடம் கேட்டபோது, ஊரில் இருக்கும்போது பின்னேரங்களில் கடதாசி, அதாவது சீட்டு, விளையாடுவார், அதிலும் 304 என்ற ஆட்டம் என்றால் உயிர் என்றார். எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11 என்று மகள்தான் சொல்லித் தந்தார். அந்த இல்லத்திலேயே இருந்த இன்னும் இரண்டு தமிழ்ப் பெரியவர்களைச் சேர்த்து, நான்காவது ஆளாக நான் உட்கார்ந்து சீட்டைப் போட்டேன். முதல் நாள் அவர் சீட்டைக் கையில் விசிறியாகப் பிடித்ததோடு சரி. மூன்றாவது வாரம் நான் ஒரு சீட்டை இறக்கியதும் நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி ஒன்பதை இப்பவே இறக்கினனீர்?" என்றார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் முழு வாக்கியம் அது. நோய் குணமாகவில்லை, ஆகவும் ஆகாது. ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தார், அன்றைக்கு இரவு சாப்பாட்டையும் தானே சாப்பிட்டார். கோப்பில் 'ஆர்வமில்லை' என்ற வரியை அடித்துவிட்டு மாற்றி எழுதினோம்.

இந்தக் கிளைக்கு அமெரிக்காவை மையமாகக் கொண்ட ஒரு சான்றிதழ் உண்டு. சிடிஆர்எஸ் என்பார்கள். கல்லூரி வழியாகப் பெற, குறிப்பிட்ட பாடங்களோடு 14 வாரம், 560 மணி நேர இன்டர்ன்ஷிப் முடித்துத் தேர்வு எழுத வேண்டும். மகள் சேரும் பல்கலைக்கழகத்தின் பாடங்கள் அதற்குத் தகுதி பெறுமா, இன்டர்ன்ஷிப்பில் மேற்பார்வை செய்பவர் சான்றிதழ் பெற்றவரா என்று சேரும் முன்பே எழுதிக் கேளுங்கள். பிறகு தெரிந்தால் ஒரு வருடம் வீண்.

இப்போது கடன். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணம் உள்ளூர் மாணவர்களைவிடப் பல மடங்கு. பொது ரெக்ரியேஷன் பட்டத்தோடு நகராட்சியில் சேர்பவர்களில் நிறையப் பேர் பகுதி நேர வேலையில்தான் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான், இரண்டு கோடைக்காலம் குழந்தைகள் முகாமில் நின்ற பிறகே நிரந்தர வேலை கிடைத்தது. சம்பளத்தில் குடும்பம் நடத்தலாம், ஐடி சம்பளத்தோடு ஒப்பிடக் கூடாது. அதனால் வீட்டை அடமானம் வைத்து முழுக் கடனில் இளங்கலைக்கு அனுப்புவதை நான் ஆதரிக்க மாட்டேன். இங்கே உளவியல், சமூகப்பணி, உடற்கல்வி, பிசியோதெரபி இவற்றில் ஒன்றை இளங்கலையாக முடித்துவிட்டு, உதவித்தொகையோடு முதுகலைக்குப் போவது நல்ல வழி. நான் போனதும் அப்படித்தான், சமூகப்பணி படித்துவிட்டு. உதவித்தொகை இப்போதே கிடைத்தாலோ, கடன் சிறியதாக இருந்தாலோ, வேலையோடு இணைந்த கோ-ஆப் முறை உள்ள படிப்பாகப் பார்த்துத் தாராளமாக அனுப்புங்கள்.

முடிவெடுக்கும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். நான் சொன்ன அந்த நான்கு கட்டத் தாளை மகளையே போடச் சொல்லுங்கள். ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு. நீங்கள், உங்கள் மனைவி, மகள் மூன்று பேரும் எழுதுங்கள். திங்கட்கிழமை மூன்று தாளையும் அவளிடம் கொடுத்து, இதில் என்ன தெரிகிறது என்று கேளுங்கள். அவள் அரை மணி நேரம் விடாமல் பேசினால், இந்தப் படிப்புக்கான ஆள்தான்.